கஞ்சிக்கு இரண்டு பெயர்: நாவலில் சொல் தேடும் மாணவர்கள்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலிலிருந்து ஒரு பகுதி விரிவானமாக இடம்பெற்றிருக்கிறது. பசியில் துவண்டுபோன வழிப்போக்கன் ஒருவனை அன்னமய்யா என்பவன் கண்டு ஊர்க்காரர்களிடம் அழைத்து வருகிறான். புஞ்சையில் வேலை செய்துகொண்டிருக்கும் அவர்கள் தங்கள் கஞ்சியை அவனுக்குப் பங்கிட்டுத் தருகிறார்கள். சிரட்டையில் ஊற்ற ஊற்ற அவன் குடிக்கிறான், மெல்ல உயிர் திரும்புகிறது. பாடத்தோடு வட்டாரச் சொற்களுக்கான பொருள் பட்டியல் ஒன்றும் உண்டு. அதில் நீத்துப்பாகம் என்றால் மேல்கஞ்சி, மகுளி என்றால் சோற்றுக்கஞ்சி.

இரண்டு விளக்கங்களும் சரிதான். ஆனால் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்த மாணவருக்கு இரண்டும் ஏதோ ஒரு கஞ்சி என்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஒரே பானைக் கஞ்சிக்கு அந்த மக்கள் ஏன் இரண்டு பெயர் வைத்தார்கள் என்ற கேள்வி எழாமலே போய்விடும். மேலே தெளிந்து நிற்பது ஒன்று, அடியில் சோறு கரைந்து குழைந்திருப்பது இன்னொன்று. காய்ந்துபோன வயிற்றுக்கு எது முதலில் ஒத்துக்கொள்ளும், எதை அதற்குப் பிறகு கொடுக்கலாம் என்று தெரிந்தவர்களுக்குத்தான் இரண்டு பெயர் தேவைப்படும். பசியை நெருங்கிப் பார்த்த ஒரு சமூகத்தின் பட்டறிவு அந்தச் சொற்களில் இருக்கிறது. அதை எடுத்துக் கையில் கொடுக்கப் பட்டியலால் ஆகாது, மாணவரே போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாவலில் வரும் சொற்களை மாணவர்கள் எப்படியெல்லாம் தேடிப் போகலாம் என்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். பிறர் தொகுத்த பொருளை வாங்கி வைத்துக்கொள்பவராக மாணவரை நிறுத்திவிடாமல், சிறிய அளவிலேனும் அகராதி செய்பவராக அவரை மாற்ற நாவலால் முடியும் என்பது என் துணிபு. தமிழில் அதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். வட்டார அகராதிகளை இங்கே செய்து காட்டியவர்களில் முக்கியமான மூவர் நாவலாசிரியர்கள். கி. ராஜநாராயணனின் கரிசல் வட்டாரச் சொல்லகராதி 1982இல் வந்தது. கொங்கு வட்டாரத்துக்குப் பெருமாள்முருகன் 2000இல் ஒன்று தந்தார். விருத்தாசலம் பக்கத்து மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியை 2007இல் வெளியிட்டார். நிறுவனங்களின் பெரிய அகராதிகள் எட்டாத இடங்களுக்கு இவர்கள் போனார்கள். எழுத எழுதத்தான் தங்கள் சொற்கள் அகராதியில் இல்லை என்று இவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணுகிறேன்.

சொல்லுக்குப் பொருள் கற்பிப்பதில் நமக்கு நெடிய மரபு உண்டு. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளைப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளிகளில் நெட்டுருப் போட்டார்கள். 1732இல் வீரமாமுனிவர் செய்த சதுரகராதி அகரவரிசை முறைக்கு வழி திறந்தது. இன்றைய அருஞ்சொற்பொருள் பட்டியல் இந்த வரிசையில் வந்த கடைசிப் பிள்ளை. அதைக் குறைத்துப் பேச வேண்டியதில்லை, செய்யுளைப் பிரித்துப் படிக்க அது உதவியிருக்கிறது. ஆனால் இதே மரபில் இன்னொரு இழையும் ஓடுகிறது. தொல்காப்பியத்தின் உரியியல், வழக்கில் அதிகம் பயிலாத சொல்லைப் பயின்ற சொல்லோடு சார்த்திப் பொருள் உணர்த்த வேண்டும் என்கிறது. பொருள் விளங்கும் வழி, உணர்கிறவரின் திறத்தைப் பொறுத்தது என்றும் சொல்கிறது. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போவது, கேட்பவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பது என்ற இரண்டும் இன்றைய கல்வியியல் வலியுறுத்துபவை.

உ.வே. சாமிநாதையர் கும்பகோணத்தில் ஆசிரியராக இருந்தபோது சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கினார். தமிழில் அவ்வளவு ஆழ்ந்தவருக்கே அதிலிருந்த சமண சமயச் சொற்கள் பிடிபடவில்லை. அவர் அந்த ஊர்ச் சமணர் வீடுகளுக்குப் போனார். அங்கே சிந்தாமணியை இன்னும் வாசித்துப் போற்றிக்கொண்டிருந்தார்கள். நூலில் அவரைத் திணறவைத்த சொற்கள் அந்த வீடுகளின் நடைமுறையில் சாதாரணமாகப் புழங்கின. 1887இல் வெளிவந்த அவரது பதிப்புக்கு அந்த வீடுகளும் துணை நின்றன. சொல்லோடு வாழ்கிறவரைத் தேடிப் போய்க் கேள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.

இனி ஆய்வுகள் சொல்வதைப் பார்க்கலாம். அகராதிப் பொருளை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் ஜார்ஜ் மில்லர், பட்ரீசியா கில்டியா இருவரும் 1987இல் எழுதிய கட்டுரை காட்டியது. பள்ளிப் பிள்ளைகளிடம் அகராதியைக் கொடுத்து, புதிய சொல்லுக்குப் பொருள் பார்த்து வாக்கியம் எழுதச் சொன்னார்கள். அரித்தல் என்ற பொருளுடைய ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தந்த விளக்கத்தில் 'தின்று தீர்த்தல்' என்பதற்கான தொடர் இருந்தது. அதே தொடருக்கு உணவகத்தில் சாப்பிடுவது என்ற பொருளும் ஆங்கிலத்தில் உண்டு. ஒரு பிள்ளை தன் குடும்பம் அடிக்கடி 'அரிக்கிறது' என்று எழுதிவைத்தது. அகராதியைப் பயன்படுத்துவதில் அந்தப் பிள்ளையிடம் குறையில்லை. தனக்குத் தெரிந்த ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு வாக்கியம் கட்டியது, அவ்வளவுதான். நம் வகுப்பறைகளில் 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்ற வினாவுக்கு வரும் விடைகளைத் திருத்தியவர்களுக்கு இது பழகிய காட்சி.

அப்படியானால் பொருளே தராமல் படிக்கவிடலாமா? அந்தோணி பர்ஜஸ் 1962இல் வெளியிட்ட 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவல் இதற்கு ஒரு சோதனைக்களமாக அமைந்தது. ரஷ்ய மொழியிலிருந்து பெரும்பாலும் உருவாக்கிய கற்பனைக் கொச்சையில் அதன் நாயகன் பேசுகிறான். வாசகர் படித்துக்கொண்டே பழகட்டும் என்பது பர்ஜஸின் எண்ணம். அமெரிக்கப் பதிப்பில் சொற்பட்டியல் சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. 1978இல் பால் நேஷன் உள்ளிட்ட மூன்று ஆய்வாளர்கள், பட்டியல் இல்லாத பிரதியைச் சிலருக்குக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். சொல் தேர்வு வரும் என்று அவர்களிடம் சொல்லவில்லை. நாவலில் இருந்த 241 கொச்சைச் சொற்களில் 90ஐ எடுத்துப் பின்னர் சோதித்தபோது, சராசரியாக 76 விழுக்காட்டுச் சொற்களுக்குச் சரியான பொருளை அவர்களால் காட்ட முடிந்தது. கதையைத் தொடர்ந்து படித்தார்கள், சொற்கள் கூடவே வந்துவிட்டன.

இந்த முடிவை எடுத்துக்கொண்டு நேராக நம் வகுப்பறைக்குப் போய்விட முடியாது. அந்தச் சொற்கள் நாவல் முழுக்கத் திரும்பத் திரும்ப வந்தவை. நம் பாடநூலில் இருப்பதோ சில பக்கப் பகுதி. மகுளி அங்கே பழகும்வரை திரும்ப வருவதற்கு இடமில்லை. முழு நாவலைப் படிக்கத் தராமல் துண்டை மட்டும் தந்துவிட்டு, சூழலைக் கொண்டு பொருளை ஊகி என்று பிள்ளையிடம் சொல்வது நியாயமில்லை. சூழல் எப்போதும் கைகொடுக்கும் என்பதும் இல்லை. இசபெல் பெக், மார்கரெட் மெக்யோன், எலன் மெக்காஸ்லின் மூவரும் 1983இல் எழுதிய கட்டுரை கதைச் சூழல்களை நான்காகப் பிரித்தது. பொருளை நேராகக் காட்டும் சூழல், பொதுவாகத் திசை சொல்லும் சூழல், எதுவும் சொல்லாத சூழல், தவறான பக்கம் இழுத்துவிடும் சூழல். இந்த நான்காவதைத் தமிழ் நாவல் படிக்கும் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஏன் என்று பார்க்க இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) போதும். தலித் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் குடும்பத்தின் கதை அது. அதில் ராச்சோறு என்ற சொல் வருகிறது. எந்த மாணவரும் இதற்கு அகராதியைத் தேட மாட்டார். ரா என்றால் இரவு, சோறு தெரிந்ததுதான். ஆகவே இரவுச் சாப்பாடு. சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பொருள் கண்டாயிற்று, ஆனால் சொல் தவறிப்போய்விட்டது. அந்தக் குடும்பத்துப் பெண் ஆரோக்கியம் வீடு வீடாகப் போய் நின்று, வழிவழியாகச் செய்துவரும் வேலைக்கு ஈடாக வாங்கி வரும் சோறு அது. கூலியும் உரிமையும் அவமானமும் ஒன்றாகக் கலந்த சோறு. பட்டியலில் இதற்கு இடமே கிடைக்காது, ஏனென்றால் இது அருஞ்சொல்லாகவே தோன்றாது. மாணவருக்குத் தெரியாத சொற்களைவிட, தெரிந்ததுபோலத் தோன்றும் சொற்களில்தான் வேலை அதிகம் என்று நான் கருதுகிறேன்.

ஆகவே முதல் பயிற்சியாக மாற்றிவைத்துப் பார்ப்பதைச் சொல்வேன். ஒரு பத்தியை எடுத்து, ஒரு சொல்லின் இடத்தில் அகராதி தரும் பொருளை வைத்து உரக்கப் படிக்க வேண்டும். ராச்சோறு வரும் இடத்தில் இரவு உணவு என்று வாசித்தால் கதை நடக்கும் வீடே மாறிவிடும். அடுத்தவர் வாசலில் நிற்கும் பெண் காணாமல் போய், தன் வீட்டில் இலைபோட்டு உட்கார்ந்த யாரோ வந்துவிடுவார்கள். எது போயிற்று என்று வகுப்பு பேச ஆரம்பிக்கும்போது, போனதுதான் அந்தச் சொல்லின் பொருள் என்று பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும். கரும்பலகையும் ஒரு பிரதியும் இருந்தால் இதைச் செய்துவிடலாம். வாய்விட்டுப் படிப்பது முக்கியம். கண்ணால் மட்டும் படித்தால் மாற்றிய சொல் உறுத்தாமலே கடந்துவிடும்.

இரண்டாவது பயிற்சி, ஒரு சொல்லை முழு நாவலிலும் பின்தொடர்வது. பூமணியின் 'வெக்கை' (1982) இதற்கு மிகப் பொருத்தமான நூல். அண்ணனின் கொலைக்குப் பழி வாங்கிய பதினைந்து வயதுச் சிறுவன் சிதம்பரமும் அவன் அப்பாவும் காட்டிலும் கண்மாயிலும் ஒளிந்து திரிகிறார்கள். பின்னாளில் 'அசுரன்' திரைப்படத்துக்கு அடிப்படையாக அமைந்த கதை. தலைப்புச் சொல்லை எடுத்துக்கொண்டு, நாவலில் சூடு பற்றிய சொற்கள் எங்கெல்லாம் வருகின்றன, யார் உடம்பில், எந்தப் பொழுதில், என்ன உணர்ச்சியோடு வருகின்றன என்று பக்க எண்ணோடு குறித்து வரலாம். வகுப்பை ஐந்தாறு குழுக்களாகப் பிரித்து ஆளுக்குச் சில இயல்கள் கொடுத்தால் போதும்.

குறிப்புகள் சேர்ந்த பிறகு அடுத்த வேலை. வெயில், சூடு, அனல், புழுக்கம், காந்தல், காங்கை, வெக்கை, கணப்பு, கதகதப்பு, வெதுவெதுப்பு. இவற்றைத் தனித்தனிச் சீட்டில் எழுதி, வகுப்பின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை கட்டிய கயிற்றில் வரிசைப்படுத்தித் தொங்கவிடச் சொல்ல வேண்டும். எது மெல்லியது, எது கடுமையானது? வாக்குவாதம் உடனே தொடங்கும். கதகதப்பு இதமானது, அதை முதலில் வைக்கலாம் என்பதில் சண்டை வராது. புழுக்கமா வெக்கையா எது மேலே என்பதில் வரும். காற்று வந்தால் புழுக்கம் போய்விடும், வெக்கை போகாது என்று ஒருவர் சொல்வார். வெயில் சாய்ந்த பிறகும் சுவரிலிருந்து வெக்கை அடிக்கும், அதனால் அது வெயிலுக்குப் பிறகும் நிற்கும் சூடு என்று இன்னொருவர் சொல்வார். மாடு வளர்க்கும் வீட்டுப் பிள்ளை, முன்பு மாட்டுக்கு வந்த கொள்ளைநோய்க்கும் வெக்கை என்றுதான் பெயர் என்று வீட்டில் கேட்டு வந்து சொல்லலாம். சீக்கிரத்தில் கயிறு போதாது என்று தெரிந்துவிடும். சூட்டின் அளவில் மட்டும் இந்தச் சொற்கள் வேறுபடவில்லை. எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, தப்பிக்க முடியுமா என்பதிலும் வேறுபடுகின்றன. இங்கே நாவலுக்குத் திரும்பி, கொலை முடிந்த பிறகு நாள்கணக்கில் ஒளிந்து திரியும் கதைக்குப் பூமணி ஏன் வெயில் என்றோ அனல் என்றோ பெயர் வைக்கவில்லை என்று கேட்டால், பிள்ளைகள் சொல்லும் விடை இலக்கியத் திறனாய்வாகவே இருக்கும்.

இதோடு 'அல்லாதது எது' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1969இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டோரதி ஃப்ரேயரும் உடன் பணியாற்றியவர்களும் வகுத்த மாதிரி ஒன்று உலகெங்கும் வகுப்பறைகளில் வழங்குகிறது. நடுவில் சொல், சுற்றி நான்கு கட்டங்கள்: வரையறை, இயல்புகள், எடுத்துக்காட்டுகள், எடுத்துக்காட்டு அல்லாதவை. மற்ற மூன்றையும் எப்படியாவது நிரப்பிவிடலாம். நான்காவதில்தான் யோசனை வேண்டியிருக்கும். அடுப்பங்கரைச் சூடு வெக்கையா, அல்லவா? காய்ச்சல்காரர் உடம்பில் இருப்பது வெக்கையா? ஒரு சொல் எங்கே நின்றுவிடுகிறது என்று தெரிந்தால்தான் அது எதுவரை போகிறது என்பதும் தெரியும்.

சில சொற்களைத் தனியாக எடுத்துக் கேட்டால் எதுவும் புரியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் விளங்கும். சோ. தர்மனின் 'சூல்' (2016) உருளைக்குடி என்ற ஊரின் கண்மாயைச் சுற்றி நடக்கும் நாவல். 2019இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. கண்மாய் உலகத்தின் சொற்களான மடை, கலுங்கு, வரத்துக்கால், கரை, கரம்பை, நீர்ப்பாய்ச்சி ஆகியவற்றைப் பட்டியலிட்டு, மடை என்றால் நீர் வெளியேறும் வழி, கலுங்கு என்றால் நீர் வெளியேறும் வழி என்று எழுதிக்கொடுத்தால் மாணவருக்கு என்ன புரியும்? இதற்கு ஒரே மருந்து படம் வரைவது. பெரிய தாளில் கண்மாயை வரைந்து ஒவ்வொரு சொல்லையும் அது நிற்கும் இடத்தில் எழுத வேண்டும். மேட்டுப் பக்கத்திலிருந்து மழைநீரைக் கொண்டுவருவது வரத்துக்கால். அடியில் படிந்து, கோடையில் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்குப் போவது கரம்பை. கரையில் பொருத்தி, வேண்டும்போது திறந்து வயலுக்கு நீர் விடும் வழி மடை. கண்மாய் நிரம்பியபின் மிஞ்சிய நீர் கரையை உடைக்காமல் தானாக வழிந்து போகக் கட்டியது கலுங்கு. மடை திறக்க மனிதர் வேண்டும். கலுங்கில் நீர் போவதற்கு யாரும் வேண்டியதில்லை, கண்மாய் நிரம்பினால் போதும். வரையும்போதே இந்த வேறுபாடு கைக்கு வந்துவிடும், ஏனென்றால் கலுங்கை எந்த உயரத்தில் வரைவது என்று கேட்காமல் வரைய முடியாது. யாருக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று பார்த்து விடும் நீர்ப்பாய்ச்சியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வரும்போது, படத்துக்குள் ஊரின் அதிகாரமும் வந்து சேரும்.

படம் முடிந்த பிறகு தலைப்புக்கு வரலாம். சூல் கொள்வது பெண் மட்டுமா? மேகம் சூல் கொள்ளும், பயிர் சூல் கொள்ளும். நிறைந்த கண்மாய்க்கும் அந்தச் சொல் பொருந்துமென்று வரைந்த கைகளுக்கு விளக்கம் இல்லாமலே தெரியும்.

கண்மாய்ச் சொற்களைப் பேசும் வகுப்பில் யாராவது ஒருவர் 'மடையன்' என்ற வசைச்சொல்லைக் கொண்டுவருவார். உயிரைப் பணயம் வைத்து மடை திறந்தவரின் பெயர் பின்னால் வசையாகிவிட்டது என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. அறியாமையைக் குறிக்கும் மடம், மடமை என்ற சொற்களோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு. ஆசிரியர் இங்கே ஒரு விளக்கத்தைச் சொல்லி முடித்துவிடக் கூடாது. எந்த நூலில், எந்தக் காலத்தில், எந்தப் பொருளில் இந்தச் சொல் வருகிறது என்று தேடச் சொல்ல வேண்டும். கேட்க இனிமையான சொற்பிறப்பு விளக்கங்களை அப்படியே நம்பிவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். சான்று கேட்கும் பழக்கத்தைப் பள்ளியிலேயே தொடங்குவது மொழிக்குச் செய்யும் பெரிய நன்மை.

நாவலின் சொற்கள் கடல் கடந்தும் போகின்றன. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' (1972) இரண்டாம் உலகப்போர்க் காலத் தென்கிழக்கு ஆசியாவில் நடக்கிறது. வட்டிக்கடைச் சொற்களும் மலாய்ச் சொற்களும் கலந்த மொழி அது. மாணவர்கள் சுவரில் வங்கக் கடல் வரைபடம் ஒன்றை ஒட்டி, சொற்களின் பயணத்தை நூல்கட்டிக் காட்டலாம். மலாயில் கப்பலுக்குக் 'காப்பால்', கடைக்குக் 'கெடாய்'. தமிழிலிருந்து போனவை இவை. கிடங்குக்கு அங்கே 'கூடாங்', ஆங்கிலத்தில் 'கோடவுன்'. இந்த மூன்றையும் அகராதியாளர்கள் உறவுபடுத்திப் பேசுகிறார்கள். ஒரு நாவலில் தொடங்கிய தேடல் வணிக வரலாற்றில் போய் முட்டும். வரலாற்று ஆசிரியரும் தமிழாசிரியரும் சேர்ந்து நடத்தக்கூடிய வகுப்பு இது.

தலைப்புகளின் மொழிபெயர்ப்பை ஒப்பிடுவதும் நல்ல பயிற்சிதான், ஆனால் மேல்வகுப்புக்கு உரியது. 'வெக்கை' ஆங்கிலத்தில் 'ஹீட்' ஆனது. 'கோவேறு கழுதைகள்' பொதிசுமக்கும் விலங்குகள் என்ற பொருளில் 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்டன்' ஆனது. பாமாவின் 'கருக்கு' கருக்காகவே நின்றுவிட்டது. பின்னவை இரண்டையும் மொழிபெயர்த்தவர் லட்சுமி ஹோம்ஸ்ட்ராம். ஒருவரே ஒரு தலைப்பை மாற்றினார், இன்னொன்றைத் தொடவில்லை. ஏன் என்ற விவாதத்துக்கு முன்னால் பனைமட்டை ஒன்றை வகுப்புக்குக் கொண்டுவந்து, அதன் விளிம்பிலுள்ள கருக்கில் விரல் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். நகரத்துப் பிள்ளைகளில் பலர் அதைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

இப்போது வயதானவர்களிடம் கேட்பது. என் பார்வையில் எல்லாப் பயிற்சிகளிலும் பயன் மிகுந்தது இதுதான். பாடப்பகுதியில் வந்த சிரட்டையையே எடுத்துக்கொள்ளலாம். நெல்லை, குமரிப் பக்கத்துக்கும் ஈழத்துக்கும் அது சிரட்டை. சென்னைப் பக்கத்தில் கொட்டாங்குச்சி. உங்கள் பாட்டி வீட்டில் என்ன சொல்வார்கள் என்று ஒரே ஒரு கேள்வியை வீட்டுப்பாடமாகக் கொடுத்தால், மறுநாள் கரும்பலகையில் தமிழ்நாட்டு வரைபடமே உருவாகிவிடும். ஊரை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கலாம். தாத்தா பாட்டி சொல்வதைப் பதிவு செய்துகொள்வதும் இன்று எளிது. வீட்டில் பேசும் சொல்லை வகுப்பில் சொல்லக் கூச்சப்பட்ட பிள்ளைக்கு, அந்தச் சொல் நாவலில் அச்சாகியிருப்பதும் அதற்கு விளக்கம் சொல்லத் தன் பாட்டியால் மட்டும் முடிவதும் எவ்வளவு பெரிய நிமிர்வைத் தரும்! கரிசல் கிராமத்துப் பிள்ளை ஒருவருக்கு மகுளி அருஞ்சொல்லே அல்ல. பட்டியல் போட்டவருக்குத்தான் அது அருஞ்சொல். இந்த உண்மையைப் பாடநூல் மறந்துவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. சாதியைச் சுட்டும் சொற்களும் வசைகளும் அழைப்புமுறைகளும் தமிழ் நாவல்களில் நிறைய வருகின்றன. யார் யாரைச் 'சாமி' என்கிறார், யார் யாரை 'வாடா, போடா' என்கிறார், வயதில் மூத்தவரை ஒருமையில் அழைக்கும் உரிமை யாருக்கு இருக்கிறது என்று ஓர் அட்டவணை போட்டால், ஒரு ஊரின் அடுக்குமுறை முழுவதும் அழைப்புச் சொற்களிலேயே தெரிந்துவிடும். அகராதியில் 'நீ' என்பதற்கு முன்னிலை ஒருமை என்றுதான் இருக்கும். நாவலில் அது அடியாகவும் விழும், அன்பாகவும் வரும். ஆனால் இந்தச் சொற்களை உரக்கப் படிக்கவோ நடித்துக் காட்டவோ சொல்லக் கூடாது. வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளை அந்தச் சொல்லை நேற்றுத் தெருவில் கேட்டிருக்கக்கூடும். அட்டவணை எழுத்தில் இருக்கட்டும். சொல் யாரைக் காயப்படுத்துகிறது என்பதும் அதன் பொருளில் ஒரு பகுதி என்று சொல்லித்தர இதுவே இடம்.

பெயர்களையும் விட்டுவிட வேண்டாம். பாடப்பகுதியின் அன்னமய்யாவிடமே வரலாம். உயிர் திரும்பிய அந்த வழிப்போக்கன் அவன் பெயரைக் கேட்டு, அதைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறான். சோறு கிடைத்த இடத்தில் அன்னம் என்ற பெயர். பெயரின் பொருளை இங்கே வாசகருக்கு முன்பாகக் கதாபாத்திரமே கண்டுபிடிக்கிறது. நாவலாசிரியர் மாணவருக்குச் செய்து காட்டும் பாடம் இது.

இவையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்ற கேள்வியை ஆசிரியர்கள் கேட்பார்கள், கேட்க வேண்டும். எல்லாச் சொல்லுக்கும் இப்படிச் செய்ய முடியாது, செய்யவும் தேவையில்லை. ஒரு நாவலுக்குப் பத்துச் சொற்கள் போதும். மற்றவற்றுக்குப் பட்டியலே இருக்கட்டும். 1985இல் மெக்யோனும் பெக்கும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வில், ஒரு சொல்லை நான்கு முறை எதிர்கொண்ட மாணவர்களைவிடப் பன்னிரண்டு முறை எதிர்கொண்டவர்களே அந்தச் சொல் வரும் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். நூறு சொல்லை ஒருமுறை தொட்டுவிட்டுப் போவதைவிடப் பத்துச் சொல்லோடு பலமுறை பழகுவது மேல் என்பதற்கு இது ஆதாரம்.

இத்தனை பயிற்சிகளிலும் சேரும் குறிப்புகளுக்கு ஓர் இருப்பிடம் வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி உருவான முறை இங்கே உதவும். 1879இல் அதன் ஆசிரியர் ஜேம்ஸ் மரே பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். புத்தகங்களைப் படியுங்கள், கவனத்தை ஈர்க்கும் சொல்லைச் சீட்டில் எழுதுங்கள், அது வந்த வாக்கியத்தையும் நூலின் பெயர், ஆண்டு, பக்க எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள் என்றார். லட்சக்கணக்கில் சீட்டுகள் வந்து சேர்ந்தன. 1928இல் முடிந்த அந்த அகராதியை அறிஞர்களோடு சாதாரண வாசகர்களும் சேர்ந்து கட்டினார்கள். ஒரு பள்ளி இதே வேலையைச் சிறிய அளவில் செய்ய ஒரு செருப்புப் பெட்டியும் வெட்டிய தாள்களும் போதும்.

சீட்டில் இவை இருக்க வேண்டும்: சொல், நாவலின் பெயர், பக்க எண், சொல் வந்த வாக்கியம், பேசிய பாத்திரம், மாணவரின் முதல் ஊகம், அகராதி தரும் பொருள், ஊரில் கேட்டதில் கிடைத்த பொருள், சொன்னவரின் வயது, ஊர், தொழில். முதல் ஊகம் தவறாக இருந்தாலும் அதை அடிக்கக் கூடாது, ஏன் அப்படித் தோன்றியது என்ற குறிப்போடு அப்படியே இருக்கட்டும். இரண்டு பெரியவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுத வேண்டும். நீத்துப்பாகத்தை ஒருவர் வடித்த கஞ்சி என்றும் இன்னொருவர் கரைத்த கஞ்சியின் தெளிவு என்றும் சொல்லக்கூடும். எந்த ஊரில் எது என்று குறிக்கத்தான் ஊர்ப்பெயர்க் கட்டம் இருக்கிறது. யாருக்கும் தெரியாத சொல்லின் சீட்டில் ஊர்ப்பொருளுக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, யார் யாரிடம் கேட்டோம் என்பதை மட்டும் எழுதி வைக்கலாம். அடுத்த ஆண்டு அதே நாவலைப் படிக்க வரும் வகுப்பு முதலில் அந்தச் சீட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பட்டும்.